வெண்டல் காலின்ஸுக்கு மட்டும் ‘பொறு’

எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கு மூன்றே வார்த்தைதான் தெரியும்: கொடு, பொறு, கொடுக்காதே. துப்பாக்கி வாங்க வருகிறவரின் பெயரையும் பிறந்த தேதியையும் நான் தட்டிவிட்டால், எங்கோ தலைநகரத்துப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய பெட்டி இந்த ஆள் குற்றவாளியா இல்லையா என்று தேடிப் பார்த்து, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லும். வெண்டல் காலின்ஸ் பெயரைத் தட்டினால் எப்போதும் ‘பொறு’தான்.

வெண்டல் ஊர்ப் பள்ளிக்கூடத்து பஸ் ஓட்டுகிறவர். தேவாலயத்தில் அடிக்குரலில் பாடுவார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். ஆனால் ஒக்லஹோமாவில் இதே பெயரில், இதே நாளில் பிறந்த ஒரு புண்ணியவான் சாராயக் கடைகளைக் கொள்ளையடித்துக்கொண்டு திரிந்திருக்கிறான். பெட்டிக்கு இரண்டு வெண்டலும் ஒன்றுதான். “நான் அவன் இல்லை” என்று எழுதிப் போட ஒரு வழி இருக்கிறது. வெண்டலும் எழுதிப் போட்டார். அதற்கும் பொறு என்றுதான் பதில் வந்தது.

மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால், கொடுப்பதும் கொடுக்காததும் கடைக்காரர் இஷ்டம். எங்கள் முதலாளி ஹார்லன் கொடுத்துவிடுவார். அதனால் துப்பாக்கி வாங்குவதென்றால் வெண்டல் நவம்பர் மான் வேட்டைக்கு வெகு முன்பே, செப்டம்பரிலேயே வந்து வாங்கிவிடுவார். போன வருஷம் மட்டும் வேட்டை தொடங்கும் திங்கள்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை வந்து நின்றார். முகம் தொங்கிக் கிடந்தது.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“பழைய துப்பாக்கி நசுங்கிடுச்சு, மார்லா.”

“எப்படி நசுங்கும்?”

“பஸ்ஸுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருந்தேன். மறந்துபோயி பஸ்ஸ பின்னால எடுத்துட்டேன்.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பெயரைத் தட்டினேன். பொறு. வெண்டல் வழக்கம்போல மானுக்குப் போடும் சோள மூட்டைகள் மேல் போய் உட்கார்ந்து, பையிலிருந்து இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலை எடுத்தார். இன்று பதில் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கடை மூடும்வரை உட்கார்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அந்த மூட்டைகளுக்கே ‘காலின்ஸ் சோபா’ என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்போதுதான் ட்ராவிஸ் பிளெவின்ஸ் உள்ளே வந்தான்.

ட்ராவிஸை எங்கள் ஊரில் யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கும் ரோண்டாவின் முன்னாள் புருஷன். அவள் தாடையை உடைத்து உள்ளே போனவன். பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, கம்பி கட்டின வாயில் அவள் குழல் வைத்து சூப் உறிஞ்சியதை ஊரே பார்த்தது. அவன் வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டினான். விண்ணப்பத்தில் ‘நீ குற்றவாளி என்று தீர்ப்பானது உண்டா’ என்ற கேள்விக்குக் கூசாமல் ‘இல்லை’ என்று குறித்தான். இதை அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து நான் தட்டினேன். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது.

கொடு.

எங்கள் மாவட்டக் கோர்ட்டிலிருந்து அந்தத் தீர்ப்பை யாரும் மேலே அனுப்பவே இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை ட்ராவிஸ் பச்சைக் குழந்தை.

“எடும்மா, மசமசன்னு நிக்காத. கம்ப்யூட்டரு சரின்னு சொல்லிடுச்சுல்ல?” என்றான்.

நான் முதலாளியைப் பார்த்தேன். ஹார்லன் தலையைச் சொறிந்தார். “சட்டப்படி பச்சை விளக்கு எரிஞ்சிடுச்சேம்மா...” என்று இழுத்தார்.

சோள மூட்டையிலிருந்து வெண்டல் எழுந்தார். கையில் பாதி ரோல் இருந்தது.

“ஹார்லன், அந்தக் கேஸுல நான்தான் ஜூரித் தலைவர். எந்திரிச்சு நின்னு ‘குற்றவாளி’ன்னு சொன்னதே நான்தான். இந்தா, இவன் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னேன்.”

ட்ராவிஸ் பல்லைக் காட்டினான். “யோவ், உன்னையே அது நம்பல. மூட்டை மேல உக்கார வச்சிருக்கு. நீ எனக்குச் சாட்சியா?”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்றிருந்த அழகு நிலையக்காரி ஷெர்லி கையைத் தூக்கினாள். “நானும் அந்த ஜூரியில இருந்தேன். குற்றவாளிதான்.”

அவளுக்குப் பின்னால் சவ அடக்கக் கடை கார்ல். “நானும்தான். குற்றவாளி. ஹார்லன், ரோண்டாவுக்குச் சவப்பெட்டி அளவெடுக்க எனக்கு ஆசை இல்லய்யா. எனக்கு வேற வியாபாரம் நிறைய இருக்கு.”

ஹார்லன் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். “கடை என்னுது. உனக்கு விக்க மாட்டேன். போ.”

ட்ராவிஸ் எங்கள் எல்லோருடைய குடும்பத்தையும் வாழ்த்திவிட்டுப் போனான். அந்த வாழ்த்தை இங்கே எழுத முடியாது.

நான் உடனே ஷெரிஃப் ஆபீசுக்குப் போன் போட்டேன். “விண்ணப்பத்துல பொய் சொன்னதே குற்றம்தான். ஆனா தீர்ப்போட நகல் கையில இல்லாம பிடிக்க முடியாது. கோர்ட் திறக்கட்டும்” என்றார்கள். திங்கள்கிழமை கோர்ட் திறக்கவில்லை. நீதிபதி முதல் வாயில்காவலர்வரை எல்லோரும் மான் சுடக் காட்டுக்குள் போய்விட்டார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு நாள் செத்தவன்கூட மறுநாள்வரை காத்திருக்க வேண்டும்.

அன்று விடியும்போதே மலையெங்கும் வெடிச் சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ரோண்டா தன் வீட்டுச் சமையலறைத் தரையில் குனிந்தாளாம். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தால், வீட்டுப் பாதையை அடைத்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் பள்ளிக்கூட பஸ் நின்றிருக்கிறது. உள்ளே ஓட்டுநர் இருக்கையில் வெண்டல். பள்ளிக்கூடம் விடுமுறை. துப்பாக்கியும் கையில் இல்லை. ஊரில் வேட்டைக்குப் போகாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான்.

ரோண்டா காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். “எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

“பஸ்ஸு சூடாயிடுச்சும்மா. ஆறட்டும்.”

பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருட்டும்வரை அந்த பஸ் ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் தீர்ப்பைத் தேடி எடுத்து, ஷெரிஃபுக்கு ஒரு நகலும் பெட்டிக்கு ஒரு நகலும் அவசர அவசரமாக அனுப்பினார்கள். அன்றே ட்ராவிஸைப் பிடித்தார்கள். மறுநாளே அவன் அண்ணன் ஜாமீனில் எடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள், ஊருக்கே பண்டிகை. அது முடிந்து வெள்ளிக்கிழமை. வழக்கம்போல பெட்டி வாயைத் திறக்காததால், ஹார்லன் வெண்டலுக்குப் புதுத் துப்பாக்கியைக் கொடுத்தார். காட்டில் இன்னும் மான் இருந்தது, அவருக்கு நாளும் இருந்தது. குழந்தை மாதிரி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ரோண்டா வந்தாள்.

“எனக்கு ஒண்ணு வேணும் மார்லா. சின்னதா. அவன் ராத்திரி போன் பண்ணிட்டு ஒண்ணும் பேசாம மூச்சு விடுறான்.”

அவள் பெயரைத் தட்டினேன். பதில் வந்தது.

பொறு.

திரும்பத் தட்டினேன். ஒன்றும் மாறவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கோர்ட்டில் அவசரமாக அனுப்பிய லட்சணத்தில், அடித்தவனோடு அடி வாங்கியவளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அதே வழக்கில் அவள் பெயரும் இருந்ததே, அதனால். இத்தனை வருஷம் அவன் செய்ததை எழுதாமல் இருந்துவிட்டு, எழுதின அன்றைக்கு அவளையும் எழுதினார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். முதலாளி பக்கத்தில் நின்றதால் போடவில்லை.

“நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்று ரோண்டா கேட்டாள். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டாள். நான் அழுதுவிட்டேன்.

வெண்டல் சோள மூட்டை மேல் நகர்ந்து இடம் விட்டார். “வாம்மா, உக்காரு. நல்லவங்களுக்குன்னே போட்டு வச்சிருக்காங்க.”

அவள் உட்கார்ந்தாள். அவர் பையிலிருந்து ஒரு ரோலை எடுத்துக் கொடுத்தார். இருவரும் தின்றார்கள். பிறகு வெண்டல் புதுத் துப்பாக்கியை என்னிடமே நீட்டினார்.

“இத உள்ள வச்சிரு மார்லா. பள்ளிக்கூட பஸ்ஸுல இத வச்சிருக்கக் கூடாது.”

“அப்போ வேட்டை?” என்றேன்.

அவர் ரோண்டா பக்கம் திரும்பினார்.

“பஸ்ஸ முன்வாசல்ல நிறுத்தட்டா, பின்வாசல்லயா?”