சாட்சி சொன்ன பிறகு நான் விட்ட இரண்டு மாத்திரைகள்

சபையாருக்கு ஸ்தோத்திரம். ஆடி மாதம் நான் சொன்ன சாட்சி பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் லேப் டெக்னீஷியன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். ஆனிக் கடைசியில் ஒரு காலை, ஒருவருக்கு இரத்தம் எடுத்த ஊசி கையுறையைத் துளைத்து என் விரலில் ஏறியது. அவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உடம்பு வேறு யாருடையதோ போல் இருந்தது. “ஆண்டவரே” என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

மதியத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டேன். தொற்று வராமல் தடுக்கும் மாத்திரையை நர்ஸ் அக்கா தந்தார். தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள். முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன்.

அம்மாவிடம் சத்து மாத்திரை என்று பொய் சொன்னேன்.

“நாள் பூரா சேத்துல குனிஞ்சு நாத்து நடுறவ நானு. ஃபேனுக்குக் கீழ உக்கார்ற உனக்குச் சத்து மாத்திரையா? எனக்கும் ஒண்ணு குடுடா” என்றாள்.

பத்தாம் நாள் ஞாயிறு. சாட்சி நேரத்தில் எழுந்து, கர்த்தர் என்னை ஒரு பெரிய ஆபத்திலிருந்து விடுவித்துவிட்டார் என்றேன். என்ன ஆபத்து என்று சொல்லவில்லை. நீங்கள் கை தட்டினீர்கள். அப்படிச் சொன்னவன் வீட்டுக்குப் போய் மாத்திரை போட்டால் சாட்சி பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். அன்றும் போடவில்லை, திங்களும் போடவில்லை.

செவ்வாய் காலை முழங்காலில் நின்று, “இது விசுவாசந்தானா ஆண்டவரே?” என்று கேட்டேன். ஃபோன் அடித்தது. நர்ஸ் அக்கா.

“தம்பி, மாத்திரை ஒத்துக்குதா? வாந்தி ஏதும் இருக்கா?”

“ரெண்டு நாளா போடலக்கா.”

“ஏன்?”

“சபையில சாட்சி சொல்லிட்டேன்.”



“நல்லா சொன்னீங்க போங்க! அந்தக் கிருமி உங்க சபைக்கு வந்துச்சா, சாட்சியக் கேக்க? ஃபோன வைக்காதீங்க. தண்ணி எடுங்க. ஒண்ணு போடுங்க. விட்டதுக்குச் சேத்து ரெண்டா போட்டுறாதீங்க. போட்டுட்டு நேரா இங்க வாங்க.”

கேட்ட ஜெபத்துக்கு வந்த பதில் அந்தக் குரல்தான். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன்.

நடுவில் விட்டதால் தொற்று வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அதன்பிறகு ஒரு நாளும் விடவில்லை. வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். எதிலும் ருசி இல்லை. மார்கழியில் கடைசிப் பரிசோதனை. தொற்று இல்லை. தாளைப் பார்த்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“எந்த வெரலு?” என்றாள்.

காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது.

விடுவித்தார் என்று இன்று சொல்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பயம் வந்தால், எப்படி வந்திருந்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று நாள் தாண்டினால் அந்த மாத்திரை உதவாது. ஜெபத்தையும் விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். கூட வருகிறேன்.