வலது ஓரத்து ஓட்டம்

கண்ணாடிக்கடைக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பகல் முழுக்க ஜன்னல் கண்ணாடி அறுப்பார். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு, விரலில் பிளாஸ்டரோடு கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்குப் போய்விட்டால் அவர் தெருப் பெண்பிள்ளைகளின் கால்பந்து கோச். கடையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனுஷன், அங்கே போடுகிற சத்தத்தில் கிடங்குக் காவலாளி திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். பாவம், அவருக்கு அதுதான் தூங்கும் நேரம்.

அந்த இடத்தை மைதானம் என்று சொன்னால் நிஜ மைதானம் கோபித்துக்கொள்ளும். ஒரு பக்கம் கிடங்குச் சுவர், மறுபக்கம் லாரி திரும்பும் பாதை. இரண்டு அணி இறங்கி ஆட இடம் ஏது? அதனால்தான் அவர் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காலி பெயின்ட் டப்பாக்களை எல்லையாக வைத்து, மூன்று பெண்கள் பந்தோடு வரவேண்டும், இரண்டு பேர் தடுக்கவேண்டும்.

"மூணு பேர் வர்றீங்க, தடுக்க ரெண்டே பேர்தான். அப்போ ஒருத்தி சும்மாதானே நிப்பா? அவ யாருன்னு எதிராளிக்குக் கடைசி வரைக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதாம்மா விஷயம்" என்பார்.

இதில் அவருக்கு வாய்த்த மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பந்தை வைத்திருப்பவள் வாயாடி. ஆட்டத்தின் நடுவில்கூட வாய் ஓயாது. இடது பக்கம் நெட்டை, கோல் போடுகிறவள். வலது ஓரம் அவருடைய சொந்த மகள்.

மகளின் வேலை ஓடுவது. கையைத் தூக்கிக்கொண்டு, பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல் வலது ஓரமாகப் பாய்வாள். தடுப்பவர்களில் ஒருத்தி அவள் பின்னால் ஓடியே தீருவாள். அந்த நேரம் வாயாடி பந்தை இடது பக்கம் தள்ளுவாள், நெட்டை அடிப்பாள். மகள் பந்தைத் தொடவே மாட்டாள். ஆரம்பத்தில் வாயாடி அந்தத் தூக்கிய கையைப் பார்த்து ஏமாந்து வலது பக்கமே பந்தை விட்டுக்கொண்டிருந்தாள். கோச் ஒரு சட்டம் போட்டார். பந்து வலது பக்கம் போனால், விட்டவள் லாரிப் பாதையைச் சுற்றி ஓடிவிட்டு வரவேண்டும். கொஞ்ச நாளில் அந்தத் தண்டனை ஓட்டமே தேவைப்படவில்லை.

சொந்த மகளை ஏன் அங்கே நிறுத்தினார்? அவள்தான் எல்லாரையும்விட வேகம் என்பது அவர் வெளியே சொல்லும் காரணம். உண்மை வேறு. பள்ளிக்கூடத்தில் அவர் ஆடிய காலத்தில் பயிற்சியாளரின் பையனுக்கே எல்லாப் பந்தும் போகும், மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த எரிச்சல் அவருக்கு அடங்கவே இல்லை. பயிற்சி தொடங்கிய புதிதில் நெட்டையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "உங்க பொண்ணும் ஆடுறாளா சார்? அப்போ கோல் எல்லாம் வீட்டுக்குள்ளேயேதான்!" விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. யாரும் தன்னைப் பார்த்து ஒரு விரல் நீட்டிப் பேசக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மகள் முகம் கோணவில்லை. "நீ ஓடினாதான் கண்ணு வழி திறக்கும்" என்று அப்பா சொன்னதை அப்படியே நம்பினாள். வீட்டில் அம்மாதான் பொறுக்காமல் கேட்பாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்பாள்.

"ஏங்க, அவ எப்பதான் பந்தை உதைப்பா?"

"உனக்கு ஆட்டம் புரியாது, விடு."

"எனக்குப் பொண்ணைப் புரியும்."

விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. தேர்வாளர் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்ப்பார், பிடித்தவர்களைக் கூட்டிப்போவார். மகளுக்கு வயது வரம்பில் இதுதான் கடைசி வாய்ப்பு. அந்தப் பள்ளியின் படம் ஒன்றை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மகள் கடைக்கு வந்தாள். அவர் ஒரு நீளக் கண்ணாடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நாளைக்கு ஒரே ஒரு தடவை எனக்குப் பந்தை விடச் சொல்லுங்கப்பா."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம்ப்பா. சரின்னு சொல்லுங்க."

அவர் கையிலிருந்த கண்ணாடி வெட்டியைக் கீழே வைத்தார். மகள் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. "சரி கண்ணு, சரி" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ஆட்டத்தின் இடைவேளையில் மூன்று பேரையும் கூப்பிட்டு, "இனிமே வலது பக்கமும் விடுங்க. வாயாடி, உனக்குத்தான் சொல்றேன், அவளைப் பாத்து விடு" என்றார். வாயாடி தலையை ஆட்டினாள். மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் பார்த்த சிரிப்பு அது.

எதிரணிக்காரிகள் முட்டாள்களா என்ன? வலது ஓரம் வெறும் பாவ்லா என்று அவர்களும் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் முடியப்போகும் சமயம் வாயாடி பந்தோடு நடுவில் வந்தாள். மகள் வலது ஓரத்தில் பாய்ந்தாள். ஒருத்தியும் அவள் பின்னால் போகவில்லை. ஒருத்தி வாயாடியை மறித்தாள், இன்னொருத்தி நெட்டையை ஒட்டி நின்றாள். மகளுக்கும் கோலுக்கும் நடுவில் கோல் காப்பவளைத் தவிர ஈ காக்கா இல்லை. அவள் கையைத் தூக்கினாள்.

வாயாடி பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அவள் கால்தான் கேட்கவில்லை. லாரிப் பாதையைச் சுற்றி ஓடி ஓடிப் பழகிய கால் அது. பந்து இடது பக்கம் போனது.

நெட்டை நெருக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பந்து தடுப்பவளின் முழங்காலில் பட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டது. கோல்!

கோச் குதித்தார். "சபாஷ்! சபாஷ்டி!" என்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளேயே ஓடிவிட்டார். பாதியில்தான் மகளைப் பார்த்தார். தூக்கிய கை இன்னும் இறங்காமல் அங்கேயே நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டிய கை அப்படியே நின்றுபோயிற்று.

தேர்வாளர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த மூணு பேர் ஏற்பாடு பிரமாதம் சார். யார் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான் சார்."

"நடுவுல ஆடுற பொண்ணையும் உயரமான பொண்ணையும் எடுத்துக்கறேன். ஓரமா ஓடுதே, அந்தப் பொண்ணு நல்ல வேகம். ஆனா பந்தை வெச்சு என்ன பண்ணும்னு நான் பாக்கவே இல்லையே?"

என் பொண்ணு சார், இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நாலடி தள்ளி நெட்டையின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அட மனுஷா, அவள் மகளைத்தான் எடுத்தாகிவிட்டதே, இனி அவள் என்ன சொல்லப்போகிறாள்! ஆனாலும் அவர் "ஆமா சார்" என்றார், அவ்வளவுதான்.

மகள் அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தாள், சாப்பிட்டாள். அலமாரிக் கதவில் இருந்த படத்தைக் கிழிக்காமல் மெதுவாக உரித்து எடுத்தாள். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வாயாடியும் நெட்டையும் பெட்டியோடு கிளம்பிப்போன அன்று அவர் கடையைப் பாதியிலேயே மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"கண்ணு, கொஞ்சம் வா. நாம ரெண்டு பேரும் மட்டும். அப்பா பந்து விடறேன், நீ அடி."

வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. வந்தாள். கிடங்குச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோல் வரைந்தார். வாயாடி நிற்கும் இடத்தில் அவரே நின்றார்.

"ஓடு!"

மகள் பாய்ந்தாள். அதே வேகம், அதே தூக்கிய கை. அவர் பந்தை அவள் காலுக்கு நேராக, அளந்து வைத்ததுபோல் விட்டார். அவள் நிற்கவில்லை. பந்து முன்னால் வந்ததும் காலை லேசாக ஒதுக்கி, அதைத் தாண்டி ஓரத்துக்கே ஓடிப்போனாள். பந்து சும்மா உருண்டுபோய் ஒரு பெயின்ட் டப்பாவில் முட்டி நின்றது.

இன்னொரு தடவை விட்டார். அப்போதும் அதேதான்.

அவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்பதுபோல் சொன்னாள்.

"வந்தா என்ன பண்ணணும்னு தெரியலப்பா எனக்கு."

நான்தான் கண்ணு, நான்தான் உன்னை இப்படி ஆக்கிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவர், குனிந்து பந்தை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"இதைத் தொடு" என்றார்.