'உம்'முக்கு எதிரி

கட்டிங் பிளேயரை வாயில் கவ்வியபடி மேசைக்கடியில் குனிந்து எர்த் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார் குப்புராஜ். எலக்ட்ரீஷியன் தணிகாசலம் முந்தின நாள்தான் அதை மாட்டிவிட்டுப் போயிருந்தான். 'நறுக்.'

"மறுபடியும் வெட்டிட்டியா?" அடுப்படியிலிருந்தே கேட்டாள் மனைவி லட்சுமியம்மாள். அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

"எர்த்து குடுத்தா பொட்டி உம்முனு கத்திக்கினே கீது. இப்போ கேளு, இன்னா சைலன்ட்டு!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துமூன்றில் மணவாள நகரின் ஒலிப்பதிவுக் கூடம் என்பது குப்புராஜ் வீட்டு முன்னறைதான். சுவரெல்லாம் கோணிச் சாக்கு. மூடிப்போன டூரிங் டாக்கீஸில் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் ஸ்பூல் டேப் ரிக்கார்டர். கோயில் பாசுரமோ, மாதாகோயில் பாட்டோ, புதுவாயல் சைக்கிள் கடை விளம்பரமோ, பதிவில் இம்மி இரைச்சல் கூடாது. மின்விசிறியை நிறுத்துவார். ஐஸ் வண்டிக்காரனிடம் மணியடிக்காதே என்று கெஞ்சுவார். பல்லி கத்தினால் முதலிலிருந்து எடுப்பார். உலை கொதித்ததற்கெல்லாம் லட்சுமியம்மாள் திட்டு வாங்கியிருக்கிறாள்.

மழைக்காலத்தில் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டால் விரல் சுருக்கென்றது. பெட்டியில் கசிகிற கரண்டு மண்ணுக்குப் போக அந்த ஒயரை விட்டால் வழியில்லை என்று தணிகாசலம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான்.

"ஷாக்கா இது? கிச்சுகிச்சு மூட்டுது, அவ்ளோதான்" என்பார் குப்புராஜ். லட்சுமியம்மாள் அதன் தூசியைத் துடைப்பக்கட்டையால்தான் தட்டுவாள்.

ஐப்பசியில் ஒரு காலை, பாஷ்யம் ஐயங்கார் பாசுரம் சொல்ல வந்தார். ஈர வேஷ்டி, வெறுங்கால், சிமென்ட் தரை. முதல் அடி முடியுமுன் உதடு ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்த மைக்கில் பட்டது. அலறிக்கொண்டு பின்னால் எகிறிச் சாக்குச் சுவரில் மோதி விழுந்தார். லட்சுமியம்மாள் ஓடிவந்து மெயினை இறக்கினாள். உதடு கருகியிருந்தது, மூச்சு இருந்தது.

ஐயங்காரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த குப்புராஜ், மெயினைப் போட்டு டேப்பை ஓட்டினார். பாசுரம், அலறல், விழுந்த சத்தம்.

"உம்மே இல்ல பாரு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு கீதாய்யா? ஐயரு ஊட்டாண்ட போயி இன்னா சொல்லியிருப்பே? சைலன்ட்டா பூட்டாருன்னா?"

லட்சுமியம்மாள் பிளேயரைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டாள். தணிகாசலம் வந்து வாசலோரம் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி, செப்புத் தகடு புதைத்து, இரண்டு பெட்டிகளின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டினான். உம் முக்கால்வாசி அடங்கியது. மீதிக் கால்வாசி குப்புராஜின் முகத்தில் தெரிந்தது.

தை மாதம் பாஷ்யம் மறுபடி வந்தார், உதட்டில் தழும்போடு. மைக்கைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"கடிக்காதோன்னோ?"

குப்புராஜ் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதில் வெறுங்காலோடு நின்றார். ஸ்விட்சைப் போட்டார். "அய்யோ, வாணாய்யா!" என்று லட்சுமியம்மாள் மெயினுக்குப் பாய்வதற்குள், மைக்கைப் பிடித்து உதட்டை அதன் வலையில் அழுத்திவிட்டார். அப்படியே நின்றார், கண்ணை மூடாமல்.

பிறகு வேட்டி நுனியால் நன்றாகத் துடைத்து நீட்டினார். எச்சில் பார்க்கிற பாஷ்யம், உள்ளே வந்து அதை வாங்கிக்கொண்டார்.