அத்தான் வெட்டிய பிரம்பு

அக்காவின் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, வந்து சுகமாகியிருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு பெட்டி நெல் என்று அக்கா நேர்த்தி வைத்துவிட்டாள். எங்கள் வீட்டு வழக்கப்படி அந்தப் பெட்டியை வாங்கக் கூடாது. பிள்ளையின் தகப்பனே பிரம்பு வெட்டித் தன் கையால் பின்ன வேண்டும். அத்தானோ யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்தவர். பிரம்பை வாத்தியார் கையில் மட்டுமே கண்டவர்.

"நான் வெட்டித் தாறன், அத்தான்" என்றேன். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த காலம்.

"நீ வழியைக் காட்டினாக் காணும்." வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டார்.

கனகராயன் ஆற்றங்கரையில் பிரம்பம் பற்றை மண்டிக் கிடந்தது. முட்கள் கொளுக்கி மாதிரி வளைந்தவை. அத்தான் ஆற்றுப் பக்கமாக உள்ளே புகுந்து வெட்டினார். வெட்டிய பிரம்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் நின்ற என்னை நோக்கி வந்தவரை முள் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. அந்த நேரம் பார்த்து ஆற்றுக்குள் தடி முறிகிற சத்தம். தனி யானை.

"முன்னுக்கு இழுக்காதேங்கோ. பின்னாலை போங்கோ, முள்ளு விடும்."

"பின்னாலையோ? பின்னாலைதானேயடா ஆனை நிக்குது!"

"மெல்லக் கதையுங்கோ!"

யானையின் காது ஆடாமல் நின்றது. அத்தான் ஓர் அடி பின்வைத்தார். இன்னோர் அடி. கையிலிருந்த முள் கழன்றது, முதுகில் இருந்தது விடவில்லை. பொத்தான்களைக் கழற்றினார். சட்டையை முள்ளுக்கே விட்டுவிட்டு, வயிற்றால் ஊர்ந்து என்னிடம் வந்தார். பிரம்புக் கட்டை மட்டும் விடவில்லை. ஓடினோம். யானை சட்டையை என்ன செய்தது என்று பார்க்க நான் நிற்கவில்லை.

"சட்டை எங்கை?" என்றாள் அக்கா.

"ஆனைக்குக் குடுத்திட்டன்."

அவள் அவருடைய முதுகில் முள் கீறியிருந்ததைப் பார்த்தாள். எண்ணெய் எடுக்க உள்ளே போனாள்.

பெட்டி ஒரு பக்கம் சரிந்து சரிந்து வளர்ந்தது. பெட்டியின் வாய் விளிம்புக்கு ஒட்டுப் போடாத ஒரே நீளப் பிரம்பு வேண்டும். சுற்றிப் பார்த்தால் ஒரு சாண் நீளம் போதவில்லை. வெட்டி வந்ததில் மிச்சம் இருந்த பிரம்புகள் இன்னும் குட்டை. நான் கத்தியை எடுத்தேன்.

"இஞ்சை தா" என்று அத்தான் கை நீட்டினார்.

விடிந்ததும் கத்தியோடு, சட்டை போடாமலே ஆற்றங்கரைக்கு இறங்கினார். அக்கா பிள்ளையோடு வாசற் படலையை மறித்தபடி நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அது இன்னும் அங்கை நிண்டா?"

"இப்ப எனக்குப் பின்பக்கமா நடக்கத் தெரியுமப்பா."

அக்கா சிரிக்கவில்லை. படலையை மட்டும் திறந்துவிட்டாள்.