சத்தம் அடங்கும் திசை

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு சவுக்குக் கம்பங்களை நட்டு, அவற்றின் உச்சியில் ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார் மாமா. அவ்வளவு உயரத்தில் துணி காயப்போட உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அது துணிக்கொடி அல்ல, ஏரியல். அம்மாவின் தம்பியான இந்த மாமா மெட்ராஸில் ஒரு ரேடியோ கடையில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் கடை முதலாளிக்கு அமெச்சூர் ரேடியோவில் பைத்தியம். தன் கையால் செய்த மெஷினை வைத்துக்கொண்டு, ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பேசுகிறவர். மாமாவையும் அரசாங்கப் பரீட்சை எழுதவைத்து லைசென்ஸ் வாங்கவைத்துவிட்டார். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயது. மரக்காணத்தில் அப்படி ஒரு லைசென்ஸ் வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து மாமா ஒருவர்தான்.

மெட்ராஸை விட்டு அவர் எங்களோடு வந்து தங்கியதற்குக் காரணம் அம்மா. எனக்குப் பிறகு பிறந்த குழந்தை தங்கவில்லை. அந்தப் பிரசவத்தோடு அம்மாவின் இருதயமும் கெட்டுப்போயிற்று. கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். அப்பாவுக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. உப்பு வாரும் மாதங்களில் விடிவதற்குள் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, கொல்லைக்குக் கொண்டுபோவது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற்றி இறக்குவது எல்லாம் மாமாதான். பகலில் உப்பளத்துப் பம்பு மோட்டார்களை ரிப்பேர் பார்ப்பார். நடுவில் இரண்டு தடவை சைக்கிளில் வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போவார்.

அம்மாவின் கட்டிலையொட்டிச் சுவரில், உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு மின்சார மணி மாட்டியிருந்தார். இரண்டு டார்ச் செல்லில் ஓடும் மணி. செல் பெட்டி மட்டும் மேலே உத்தரத்தடியில். கட்டில் சட்டத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் தெருக்கோடி வரை கேட்கும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா பின்னறையில் மெஷின்முன் உட்காருவார். கூடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவே கீற்றுத் தட்டிதான். மெட்ராஸ்கார முதலாளி பேசுவது எங்களுக்கும் கேட்கும். பெரும்பாலும் மழை, வெயில், வால்வு, கம்பி. நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வீட்டுக்கணக்குப் போடுவேன். ஒரு பங்குனி மாதத்தில் அந்தக் குரல் வேறு பேச்சு பேச ஆரம்பித்தது. துபாயில் ஒரு கம்பெனிக்கு ரேடியோ மெக்கானிக் வேண்டுமாம், நம் ஆளைத்தான் சொல்லி வைத்திருக்கிறாராம், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால் சொந்தமாகக் கடையே வைக்கலாமாம். மாமா சிரித்தது தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்கு மூன்றாம் நாளிலிருந்து இரைச்சல் வர ஆரம்பித்தது. மெட்ராஸ்காரர் வாயைத் திறந்ததும் 'கர்ர்ர்' என்று ஒரே அறுப்பு. ஒரு வார்த்தை புரியாது. ரேடியோ சத்தத்தில் கணக்கு வராது என்று அம்மா அந்த நாட்களில் ஆறு மணிக்கே என்னைத் திண்ணைக்கு அனுப்பிவிடுவார். முதலில் மாமா கம்பியைச் சந்தேகப்பட்டார், பிறகு வால்வை, பிறகு உப்புக் காற்றை. எல்லாவற்றையும் துடைத்து மாற்றிப் பார்த்தார். நாலாம் நாள் பின்னறையிலிருந்து வெளியே வந்து என்னிடம் சொன்னார்.

"மத்தவங்க பேசறப்ப ஒண்ணும் இல்ல பாப்பா. மெட்ராஸ்காரர் பேசினா மட்டும் வருது. மெஷினுக்குக் காது கெடயாது. இது எவனோ வேணும்னே பண்றான்."

"ஏன் மாமா பண்றான்?"

"வயித்தெரிச்சல். புடிச்சா கேஸ்தான். போலீஸு ஜீப்புல வந்து மெஷினோட அள்ளிக்கினு போயிடும்."

நான் எதற்கும் பயப்படுகிறவள். இப்போதும் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருகிறவள். அந்த ஜீப் அன்றைக்கே என் வயிற்றுக்குள் வந்து நின்றுகொண்டது. ஜீப்பில் வருகிறவர்கள் ஆள் தெரியாமல் மாமாவைக் கொண்டுபோய்விட்டால்? தெருவில் மெஷின் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே.

மறுநாள் ஆறு மணிக்கு மாமா வீட்டு டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு உப்பளத்து வரப்பில் இறங்கினார். பாத்திகளில் உப்பு பூத்திருந்தது. பாட்டு எதுவும் வராத இடத்தில் முள்ளை வைத்து, டிரான்சிஸ்டரைப் படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாகச் சுற்றிக் காட்டினார். அந்த இரைச்சல் வந்தால், பெட்டியைத் திருப்பத் திருப்பக் கூடும், குறையும். பெட்டியின் குறுகிய முனை எந்தப் பக்கம் நீட்டியிருக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அந்தக் கோட்டில்தான் ஆள் இருப்பான் என்றார். சத்தம் பெரிதாகக் கேட்கும் பக்கம்தானே திருடன் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "இல்ல பாப்பா, அடங்கற பக்கந்தான்" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அன்று பெட்டியில் ஒரு சத்தமும் இல்லை. மறுநாளும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் வருகிறது, தேடக் கிளம்பினால் நின்றுவிடுகிறது. "நாம வீட்டவுட்டு கெளம்பறத எவனோ பாத்துக்கினே இருக்கான்" என்றார் மாமா. அவ்வளவுதான், நான் கொல்லைக்குப் போகும்போதுகூட சவுக்குக் கம்பங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

பம்பு ஷெட்டில் மோட்டார் ஓட்டுகிறவர் மாமாவுக்குக் கூட்டாளி. அவர்மேலும் சந்தேகம் போயிற்று. மாமா நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, நான் உப்புத் தண்ணி எறைக்கறேனா, உன் ரேடியோவுல மண்ணு எறைக்கறேனா?" என்று அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"ஒருநாளு ஆறு மணிக்கு மோட்டார நிறுத்தி வையேன். ஒரு பத்து நிமிஷம்."

"நிறுத்தறேன். மொதலாளி கேட்டா, துபாய்காரன் நிறுத்தச் சொன்னான்னு உன் பேரத்தான் சொல்வேன்."

அதற்குள் ஊரெல்லாம் மாமா துபாய்காரன் ஆகிவிட்டிருந்தார். கூட்டாளி சொன்னபடி மோட்டாரை நிறுத்தினார். அன்றைக்கும் இரைச்சல் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவின் மணி அடிக்கவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று குரல் கொடுத்தார் அம்மா. குரல் கொடுத்ததிலேயே மூச்சு வாங்கியது. மாமா ஸ்டூல் போட்டு ஏறி, செல்களை எடுத்துப் பார்த்தார்.

"போன மாசந்தானக்கா போட்டேன்?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா ஸ்டூலைவிட்டு இறங்காமல், இரண்டு செல்லையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "செல்லெல்லாம் இப்ப மட்டமா வருதுக்கா. பாப்பா, கடைக்கிப் போயி ரெண்டு வாங்கியா" என்றார். புதுசு போட்டதும் மணி ஊரைக் கூட்டியது.

அதற்குப் பிறகு அவர் தேடப் போகவில்லை. மாலையில் மெஷின்முன் உட்காருவார், இரைச்சல் வரும், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அணைத்துவிடுவார். "ஏன் மாமா, திருடனப் புடிக்கலயா?" என்றால், "புடிச்சி இன்னா பண்ணப்போறோம்?" என்றார். எனக்கோ ஜீப் கவலை. மாமா அசந்துவிட்டார், நான்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆறு மணிக்கு மாமா பின்னறைக்குப் போனதும் டிரான்சிஸ்டரை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினேன். மெல்லிசாக 'கர்ர்' வந்தது. பெட்டியைச் சுற்றினேன். எங்கள் தெருவைப் பார்த்து நீட்டும்போது அடங்கியது. கிட்டே வந்தேன். சத்தம் பெரிதாயிற்று. எங்கள் வீட்டைப் பார்த்து நீட்டினால் அடங்கியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தும் வீட்டையே காட்டியது. கிணற்றடியிலிருந்தும் அதையே காட்டியது. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. பெட்டியை அணைத்துவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் மணியின் கிண்ணத்துக்கு ஒரு பழைய புடவைக் கிழிசலை, தலைக்கு முண்டாசு கட்டுவதுபோல் சுற்றிவிட்டிருந்தார். விரல் பொத்தான்மேல் இருந்தது. மணி அடிக்கவில்லை, துணிக்குள்ளே ஒரு வண்டு மாட்டிக்கொண்டதுபோல 'விர்ர்' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மெட்ராஸ்காரரின் குரல் அறுபட்டுக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் விரலை எடுத்தார்.

"கதவ சாத்துடி."

சாத்தினேன். "ஏம்மா, நீயாம்மா?" என்றேன் கிசுகிசுப்பாக.

"மணி அடிச்சா ரேடியோ கெட்டுப்போவுதுன்னு மாட்டினன்னைக்கே சொன்னான் உன் மாமன். அவனே மறந்துட்டான்." அம்மா மூச்சு வாங்க நிறுத்தினார். "அவன் போய்ட்டா என்னை யாருடி தூக்குவா? உங்கப்பனுக்கு உப்பளமே கதி. அப்பறம் நீதான் நிக்கணும் பள்ளிக்கூடத்தவுட்டு."

"போலீஸ் வரும்மா. ஜீப்புல அள்ளிக்கினு போவாங்களாம்."

"வரட்டும். ஜீப்பு வந்தா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில எறக்கிவுடச் சொல்லு. பஸ்ஸுல குலுக்குது."

சிரிக்கத்தான் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வீங்கிய விரல்கள். "அவன்கிட்ட சொல்லாத கண்ணு" என்றார்.

அன்று சாப்பிடும்போது மாமா கேட்டார். "ரேடியோவ தூக்கிக்கினு எங்க போன?"

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். பம்பு ஷெட் என்று சொல்ல முடியாது, அதை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. "திருடனப் பாக்கப் போனேன் மாமா. கடல் பக்கம் காட்டுது" என்றேன்.

கடலுக்கு நடுவில் மெஷின் வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் கேட்பார், நான் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். மாமா என்னைப் பார்த்தார். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"கடல்லயா?" என்றார். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. கடல்ல போயி யாரப் புடிக்கறது? சாப்புடு."

அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

சித்திரை முடிவதற்குள் மெட்ராஸ்காரரின் குரல் ஆறு மணிக்கு வருவது நின்றுபோயிற்று. நடுவில் ஒருநாள் அவரிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. அதை நான்தான் பம்பு ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா நின்றபடியே இரண்டு தடவை படித்தார், நாலாகக் கிழித்து வாய்க்காலில் விட்டார். நீலத் துண்டுகள் உப்புத் தண்ணீரில் பாத்திப் பக்கம் போயின. "இன்னா மாமா லெட்டரு?" என்றேன். "ஒண்ணுமில்ல, கடைக் கணக்கு" என்றார். பதில் எழுதிப் போட அவருக்கு மெஷின் வேண்டியதில்லை, தபாலாபீஸ் இருக்கிறது என்பது எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அந்த ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டார். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். இரண்டு ஆம்பிளைகளுக்குச் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது. மாமா கம்பத்திலிருந்து செம்புக் கம்பியை இறக்கி, என் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிக் கொடுத்தார். தெருக்காரர்கள் சொன்னது கடைசியில் சரியாகப்போயிற்று. அதில் துணி காயப்போட்டேன். கடைசிவரை அவர் உப்பளத்துப் பம்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தும் பல வருஷங்கள் ஆகின்றன. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் ரகசியத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அப்பா வயதாகிப் படுக்கையில் விழுந்தபோது, அதே மாதிரி ஒரு மணியைத் தேடி வாங்கி அவர் தலைமாட்டில் மாட்டினேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை அழுத்துவார். செல் தீர்ந்துவிடுமோ என்று பயந்து அரை டஜன் வாங்கி வைத்தேன். மாதக்கணக்கில் போட்ட செல்லே ஓடியது. ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து அந்த மணியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்தச் சித்திரையில் வாராவாரம் சனிக்கிழமை என்னைக் கடைக்கு அனுப்பி இரண்டு செல் வாங்கிவரச் சொன்னது மாமா. செல் மட்டமாக வருகிறது என்று அவர் சொன்னதை நம்பி வாங்கிவந்தது நான்.

அதில் ஒரு சனிக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மாமா ஸ்டூலில் ஏறிப் புதுச் செல்லைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னார். "நல்லாக் கேக்குதாக்கா?" என்றார். "கேக்குதுடா தம்பி" என்றார் அம்மா. அப்போது தலையணை நகர்ந்து, அந்தப் புடவைக் கிழிசல் தரையில் விழுந்தது. அம்மா பார்க்கவில்லை. எனக்கு உயிரே நின்றுவிட்டது. மாமா இறங்கி அதைக் குனிந்து எடுத்தார், உதறினார், நாலாக மடித்தார். அம்மாவைத் தூக்கிச் சரியாக உட்காரவைக்கிற சாக்கில் அதைத் தலையணைக்கு அடியில் திரும்பச் செருகிவிட்டு, மணி ஆறு ஆகிறது என்று பின்னறைக்குப் போனார்.

நல்லவேளை, மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் மூச்சு விட்டேன்.