இந்த முறை இவரேதான்

சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். ஒன்றுக்கு மூடி இல்லை. அதன் முனை உரசி, பைக்கு மேலே சட்டையில் ஒரு சிறிய நீலக் கோடு. காலையில் கடையைத் திறந்ததும் கைபேசியில் வந்த படத்தில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். படத்தின் கீழே மன்றச் செயலாளர் விஜயா மேடம் எழுதியிருந்தார்: "ஹிஸ்டரி கலியபெருமாள் சார் விடியற்காலையில் தவறிவிட்டார். மதியத்துக்குள் பேனர் வேண்டும். இந்த முறை இவரேதான்."

அந்தக் கடைசி வரி எதற்கு என்று உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தவளக்குப்பம் சந்திப்பில் சேகர் அண்ணனின் பிளக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்பில் அரையாண்டோடு நின்றுவிட்டவள். உங்கள் முன்னாள் மாணவர் மன்றத்துக்கு உறுப்பினர் அட்டை, ஆண்டுக் கூடுகைக்கு பேட்ஜ், ரத்த தான முகாமுக்குப் பேனர், யாராவது தவறினால் அஞ்சலிப் பேனர், எல்லாமே எங்கள் கடையில்தான் அடிக்கிறார்கள். மன்ற மலருக்கு சாரைப் பற்றி எழுதச் சொல்லி மேடம் கேட்டபோது, "எல்லாரும் எம்.ஏ., எம்.எஸ்சி. படிச்சவங்க. அதுல நான் எப்படி மேடம்?" என்றேன். "மேடையில பேசவா சொன்னேன்? எழுதித்தான குடுக்கச் சொல்றேன். எங்க எல்லாரையும்விட அவரு மூஞ்ச பெருசா பாத்தவ நீதான்" என்றார். அது உண்மை.

மன்றத்தில் இரண்டு கலியபெருமாள்கள் இருந்தார்கள். இருவரும் ஒரே ஆண்டு படித்தவர்கள். ஒருவர் மணப்பட்டு, பொருளாதாரம். இன்னொருவர் பாகூர், வரலாறு. அதனால் நீங்கள் எக்னாமிக்ஸ் கலியபெருமாள், ஹிஸ்டரி கலியபெருமாள் என்று பிரித்துக் கூப்பிடுவீர்கள். எங்கள் கடைக் கணினியில் அந்தப் பிரிவு இல்லை. அட்டைக்காக வாங்கிய படங்களில் ஒன்று கலியபெருமாள், மற்றது கலியபெருமாள் இரண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து மாதம்தான் ஆகியிருந்தது. மணப்பட்டு சார் இறந்துவிட்டார், உடனே பேனர் வேண்டும் என்று தகவல் வந்தது. அண்ணன் வெளியே போயிருந்தார். நான் முதலில் இருந்த படத்தை எடுத்தேன். பெயர் சரி, படிப்பு சரி, ஊர் சரி. முகம் மட்டும் பாகூர்காரருடையது. கட்டுகிற ஆட்கள் வந்து வாங்கிப் போய்ச் சந்திப்பில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே கட்டிவிட்டார்கள்.

ஹிஸ்டரி சார் அன்று காலை செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு ஒரு வேலையாகப் பாண்டிக்குப் போயிருந்தார். நண்பர் இறந்த செய்தியை அங்கே யாரோ சொல்ல, மாலை வாங்கித் தவளக்குப்பத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால், அவரே பத்தடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கையில் மாலையோடு கடைக்கு வந்தார். எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இன்னாம்மா, எனக்குப் போட வேண்டிய மாலைய நானே வாங்கினு வர வெச்சிட்டியே" என்றார்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். இன்றோடு வேலை இல்லை, கிளம்பு என்று என்னைப் பார்த்துக் கத்தினார். சார் மாலையை மேசைமேல் வைத்தார். "ஏம்பா சேகரு, செத்தவன் நான். எனக்கே கோவம் வர்ல, உனக்கு எதுக்கு வருது? பொண்ண நிறுத்தினேன்னு வெச்சுக்கோ, நான் ஆவியா வந்து உன் கடையிலயே குந்திக்குவேன்" என்றார். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரியான படத்தை வைத்து மறுபடி அடித்தோம். பேனர் இயந்திரத்திலிருந்து வெளியே வர வர மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. சார்தான் பிடித்துக்கொண்டார். தன் நண்பரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அழுதது நண்பருக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

போகும்போது, பையிலிருந்து அந்த மூடி இல்லாத பேனாவை எடுத்து ஒரு தாளில் எழுதி என் கணினித் திரையின் மேல் ஒட்டினார்: "வீட்டில் ஒருவர் முகம் பார்த்து 'ஆமாம், இவர்தான்' என்று சொல்லாமல் அஞ்சலிப் பேனர் அச்சுக்குப் போகாது." கீழே கையெழுத்து வேறு. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தராக இருந்தவர் அல்லவா, எதை எழுதினாலும் கையெழுத்துப் போடாமல் விட மாட்டார். அவிழ்த்துக் கொண்டுவந்த தவறான பேனரையும் மடித்துக் கேரியரில் கட்டிக்கொண்டார். "எனக்கு அடிச்சது, எனக்குத்தான சொந்தம்?" என்றார்.

இதுவரை சிரிக்கிற கதை. நீங்களும் இதுவரைதான் சொல்லிச் சிரிப்பீர்கள். மீதியை நான் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பேனரைப் பேருந்திலிருந்து பார்த்த உறவுக்காரர்கள் ஆட்டோ பிடித்து நேராகப் பாகூருக்குப் போயிருக்கிறார்கள். தெருமுனையிலேயே அழ ஆரம்பித்திருக்கிறார்கள். சாரின் மனைவி தனலட்சுமி அம்மா கதவைத் திறந்தால் வாசலில் கூட்டம். சாருடைய போன் உள்ளே அலமாரியில் அடிக்கிறது. மணப்பட்டுக்குப் போகும் முன் போனை எடுக்க சார் வீட்டுக்கு வந்து சேரும்வரை ஏறக்குறைய அரை மணி நேரம், அந்த அம்மா கணவரை இழந்தவராக இருந்திருக்கிறார். அந்த அரை மணி நேரத்தைக் கொடுத்தவள் நான்.

போதாக்குறைக்கு, கடைக்குப் பக்கத்தில் பூ விற்கும் அக்கா ஒருநாள், "உயிரோட இருக்கறவங்களுக்கு அதெல்லாம் போடக் கூடாதுடி. ஆயுசு கொறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது ஒரு பேச்சு. நான் அதன்பிறகு சார் கடைக்குள் நுழையும் போதெல்லாம், போன முறையைவிட இளைத்திருக்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்த ஆண்டுக் கூடுகை வில்லியனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் வாசலில் பேட்ஜ் மேசையில் இருந்தேன். பேட்ஜைக் குத்திக்கொள்ளும்போது ஆளுக்கு ஒருமுறை, "ஏம்மா படிப்ப விட்டே?" என்று கேட்டார்கள். அக்கறைதான், தவறில்லை. சார் மட்டும் ஒருமுறையும் அதைக் கேட்டதில்லை. "இந்த எழுத்து வளைஞ்சு வளைஞ்சு நல்லா இருக்கே, இதுக்கு பேரு இன்னா?" என்று கேட்பார். மேடையில் விஜயா மேடம், "அடுத்து, மறைந்த கலியபெருமாள் அவர்களைப் பேச அழைக்கிறேன்" என்றார். மண்டபமே அதிர்ந்தது. சாரும் எழுந்து, "மறைஞ்சாலும் மறக்காம வந்துட்டேன்" என்றார். நான் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போய்விட்டேன். சிரிப்பு அடங்கியபின் வந்தேன். ரத்த தான முகாமிலும் இதே பேச்சு வந்தது, அப்போதும் எழுந்து போனேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அதற்கடுத்த கூடுகையில் மேடம் "மறைந்த" என்று தொடங்கியதுமே சார் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "போதும் விஜயா, அந்தக் காமெடிக்கு வயசாயிடுச்சு" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று நான் எழுந்து போகவில்லை.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மன்றத்தின் படிவ மேசை போடுவீர்கள். சான்றிதழ், உதவித்தொகை, கல்லூரி சேர்க்கை என்று எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பீர்கள். சாரின் பேனா அங்கேதான் கை மாறிக்கொண்டே இருக்கும். "நான் பேனா குடுத்தா பேனா திரும்பி வந்துடும்மா. மூடி வராது. மூடிக்காக யாருகிட்ட சண்டை போட?" என்பார். அது முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஒரு நிமிடம் நிற்பார். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை: "வூட்டுக்கு ஒரு தடவ வந்துட்டுப் போ. அந்தம்மா உன்ன பாக்கணும்ங்கறாங்க." நான் தலையாட்டுவேன். அந்தம்மா எதற்காகப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று எனக்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். அதனால் இரண்டு ஆண்டும் போகவில்லை.

இப்போது சார் போய்விட்டார். படம் வந்துவிட்டது. வடிவமைத்து முடித்தேன். யார் முகம் பார்த்துச் சொல்வது? மகளும் மருமகனும் துபாயிலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். தனலட்சுமி அம்மாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் படம் அனுப்ப முடியாது. மேடத்தை அழைத்தேன். "எனக்குத் தெரியாத முகமா? அடிச்சிடும்மா" என்றார்.

"மேடமே சொல்லிட்டாங்க இல்ல, குடு பிரிண்ட்ட" என்றார் அண்ணன்.

திரைக்கு மேலே சாரின் கையெழுத்து. நான் ஏ4 தாளில் ஒரு மாதிரி எடுத்து, "பாகூருக்குப் போயிட்டு வந்துடறேன் அண்ணே" என்றேன்.

"சாவு வூட்டுக்குப் போயி கரெக்‌ஷன் கேக்கப் போறியா?"

"வூட்டுல ஒருத்தர் பாக்கணும்னு சார் எழுதியிருக்காரு."

அண்ணன் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு, "பாகூர் பஸ்ஸு இப்ப வரும், ஓடு" என்றார்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மன்றத்தார் சிலர் முன்னாலேயே வந்து நின்றிருந்தீர்கள். நான் யாரையும் பார்க்காமல் உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டியில் சார். அவருக்குப் பக்கத்தில் தரையில் விரித்திருந்த வெள்ளை விரிப்பில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தனலட்சுமி அம்மா. இரண்டு ஆண்டாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்புக்குப் பதில் தாளை நீட்டினேன்.

அம்மா தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீதான் அந்தப் பேனர் பொண்ணா?"

"ஆமாம்மா."

"கூட்டினு வர்றேன் கூட்டினு வர்றேன்னு ரெண்டு வருஷமா சொன்னாரு. இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? குந்து."

உட்கார்ந்தேன். அம்மா விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். அடியில் நீலச் சட்டை, பை, இரண்டு பேனா. நான் அடித்த அதே பேனர். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி விரித்திருந்தார்கள்.

"ரெண்டு வருஷமா மொளகா காயறது இதுலதான். மூஞ்சி மேல காய வெச்சா எரியும்னு திருப்பிப் போட்டுக்குவேன்" என்றார்.

பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவே சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "அன்னைக்கு என்னாலதாம்மா... இப்பவும் என்னாலதான் சாரு..." என்று ஏதோ உளறினேன்.

"போடி. எழுவத்தி ரெண்டு வயசு, சுகரு இருக்குது, இதயத்துல அடைப்பு இருக்குது, டாக்டரு சொன்னத ஒண்ணு கேக்காத பிடிவாதம் இருக்குது. இதுல நடுவுல நீ எங்கடி வந்த?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு அழுத அழுக எனக்குத்தான் தெரியும். எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு குந்தினு இருக்கேன். இவரு வண்டியில வந்து எறங்கி, 'இன்னா கூட்டம், யாரு செத்தது?'ன்னு கேக்கறாரு. தொடப்பத்த எடுத்துட்டேன். ஆனா அதுக்கப்புறம் காலையில அவரு டீ குடிக்கறத பாத்தா, த பாரு, முழுசா குந்தினு குடிக்குதுன்னு இருக்கும். அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் டீ குடிச்சாரு, நான் எங்க பாத்தேன்? அத உன்கிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். நீ வர்ல."

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டு முதுகில் கட்டியிருந்த ஏதோ ஒன்றை யாரோ அவிழ்த்து இறக்கி வைத்தது போல் இருந்தது. சாவு வீட்டில் அப்படி மூச்சு விட்டது தவறா என்று எனக்குத் தெரியவில்லை. தவறு என்றாலும் சார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அம்மா தாளை வாங்கி, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "ஆமா. இவருதான்" என்றார். திருப்பிக் கொடுக்கப் போனவர் மறுபடி இழுத்துப் பார்த்தார். "இந்தப் பேனாவால எத்தன சட்ட பாழாப் போச்சு தெரியுமா? படத்துலயாவது ஒரு மூடி போடுடி."

சார் ஒட்டிய தாள் என் திரையில் அப்படியே இருக்கிறது. நான் அந்தக் கடையில் இருக்கும்வரை அது இருக்கும்.

அன்று கடைக்குத் திரும்பியதும் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்துப் பேனாவின் மூடியை நகல் எடுத்து, நிறம் மாற்றி, மூடி இல்லாத பேனாவின் மேல் வைத்தேன். சட்டையிலிருந்த நீலக் கோட்டை அப்படியே விட்டுவிட்டேன். பிறகு பிரிண்ட் கொடுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எழுந்தேன்.