நான் பிய்த்தெடுத்த சரிவுப்பாதை

எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒன்பதாவது படித்தேன். எங்கள் பெண்கள் பள்ளியில் டிசைன் கிளப் என்று ஒன்று இருந்தது. பேர்தான் பெரிது. டிராயிங் மிஸ் நான்கு பேருக்கு ஒரு பலகை கொடுப்பார். பள்ளிக் கண்காட்சி வருவதற்குள் அதில் ஒரு மாடல் செய்து முடிக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு நான் லீடர். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

நாங்கள் எடுத்துக்கொண்டது தாம்பரம் ஸ்டேஷனும் அதன் நடைமேம்பாலமும். குழுவில் ஒருத்தி பொழிச்சலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தினமும் அந்தப் பாலம் ஏறி இறங்கிப் பள்ளிக்கு வருவாள். போலியோ வந்த இடது காலில் நடப்பதற்காக இரும்புக் காலிப்பர் மாட்டியிருந்தாள். எங்களில் நிஜமாகவே டிசைன் தெரிந்தவள் அவள்தான். படிக்குப் பதிலாக, மூன்று மடிப்பாக மேலே போகும் சரிவுப்பாதையை இரண்டு வாரம் உட்கார்ந்து அட்டையில் வெட்டி ஒட்டினாள்.

"கணக்கு போட்டுத்தான் வெட்டியிருக்கேன்டி. இதுல நான் மூச்சு வாங்காம ஏறிடுவேன்" என்றாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் வரவில்லை. என் லீடர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஸ்டேஷனில் இல்லாததை வைத்தால் பரிசு போய்விடும் என்று சரிவுப்பாதையைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டேன். தீப்பெட்டி அட்டையை மடித்துப் படிக்கட்டு ஒட்டினேன். மற்ற இருவரும் பசை தடவிக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தவள், "எங்கடி?" என்றாள். கூடையைக் காட்டினேன். குனிந்து எடுத்தாள். ஒரு மடிப்பு மட்டும்தான் நசுங்கியிருந்தது.

"ஒட்டிடலாமா? டைம் இருக்கு."

"இப்ப எதுக்குடி பேஜாரு? இதுவே நல்லாத்தானே இருக்கு."

கிளப் வழக்கப்படி அவரவர் பகுதியை அவரவரே நடுவரிடம் விளக்க வேண்டும். அவள் முறை வந்தது. "சார், இது படிக்கட்டு" என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

"அச்சு அசலா ஸ்டேஷன் மாதிரியே இருக்கும்மா" என்றார் நடுவர். முதல் பரிசு. மேடையேறி நான்தான் வாங்கினேன்.

அடுத்த வாரமே அவள் கிளப்பை விட்டுவிட்டுத் தையலில் சேர்ந்துகொண்டாள். என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. சண்டை போட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அதையும் கேட்காமலே பள்ளி முடிந்துவிட்டது.

முந்தின நாள் செய்த வேலைதான் என் தப்பு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோது, நடுவர் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.